நாலாவது கட்டு

இந்த வருஷம் கங்கோங் பார்க்கவே ஆசையாய் வந்தது.
ஓர் இலையிலும் ஓட்டை இல்லை.
பூச்சி தொடாத கீரை என்று
பசார் மாலாமில் நானே பெருமை பேசி விற்றேன்.
பூச்சிக்குத் தெரிந்திருக்கிறது.

சுங்கை பெலிம்பிங் தோட்டத்தை விற்றபோது
வெட்டாமல் விட்ட கடைசி நிரைக்கும்
பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகைக்கும் நடுவில்
ஓர் அல்லூர் ஓடுகிறது.
யார் நிலம் என்று யாருக்கும் தெரியாத அதன் கரையில்
எட்டுப் பாத்தி எனக்கு.
புருஷன் லோரியோடு ஜோகூர் போய்
திரும்பாத வருஷம் மண்வெட்டியோடு இறங்கினேன்.
குழாய்த் தண்ணீருக்கு பில் வரும்.
அல்லூருக்கு வராது.

நாறியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.
மழைக்கு மறுநாள் மட்டும்
தண்ணீர்மேல் ஒரு மினுமினுப்பு, மயில் கழுத்து நிறத்தில்.
அழகாய் இருக்கிறதே என்று நின்று பார்த்திருக்கிறேன்,
சொல்ல வெட்கமாய் இருக்கிறது.

மார்ச் மாதம் நோர் அஸிமா வந்தாள்,
இலாகாவிலிருந்து, பூட்ஸ் போட்ட சின்னப் பெண்.
மூன்று பையில் கீரை, ஒரு போத்தல் தண்ணீர், ஒரு பிடி மண்.
காசு தரட்டுமா ஆன்ட்டி என்றாள்.
மூன்று கட்டுக்கு என்னம்மா காசு என்றேன்.

பதில் கடிதமாய் வந்தது, மலாயில்.
ஐந்தாம் படிவம் படிக்கும் மகன்
செய்தி வாசிப்பவன்போல் நிறுத்தி நிறுத்தி வாசித்தான்.
ஈயம். காட்மியம்.
ஒன்று இருக்கலாம் என்றால்
நம்முடையதில் நாலரை இருக்கிறதாம்.
ஈயத்தைக் காய்ச்சிக் காதில் ஊற்றினாற்போல் என்பார்களே,
எங்களுக்கு அது வாய்வழியே வந்திருக்கிறது,
பூண்டு தட்டி, மிளகாய் கிள்ளி,
பெலாச்சான் வாசத்தோடு.

அலசினால் போகாதா?
உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால்?
அஸிமா போனில் பொறுமையாய்ச் சொன்னாள்:
வெளியே ஒட்டியிருந்தால் அலசலாம், ஆன்ட்டி.
இது தண்டு குடித்தது.
காட்மியம் கிட்னியில் போய் உட்காருமாம்,
வாடகை தராமல் பத்து இருபது வருஷம்.
ஈயம் சுண்ணாம்புச் சத்து மாதிரி வேஷம் போட்டு
எலும்புக்குள் ஒளிந்துகொள்ளுமாம்.
வயிற்றில் பிள்ளை வளரும்போது
தாயின் எலும்பு கொஞ்சம் கரைந்து கொடுக்கும்,
அப்போது அதுவும் கூடவே இறங்கும்.

அந்த இடத்தில்தான் ரூபாவதி ஞாபகம் வந்தது.

இரத்தம் கம்மி என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள்.
இரும்புச் சத்துக்காகச் செவ்வாய்தோறும்
மூன்று கட்டு சிவப்புக் கீரை வாங்குவாள்.
ஏழாம் மாதம் பிறந்ததும்
நாலாவது கட்டை நான்தான் சும்மா பையில் திணித்தேன்.
வேண்டாங்க்கா என்றாள்.
உனக்கில்லை, பிள்ளைக்கு என்றேன்.

எட்டுப் பாத்தியையும் பிடுங்கிவிட்டேன்.
பிடுங்கிய பிறகுதான் தெரிகிறது,
வைக்க இடமில்லை.
ஆட்டுக்குப் போட முடியாது.
புதைத்தால் மண்ணுக்கே திரும்பும்.
எரித்தால் புகை தமிழ்ப்பள்ளிப் பக்கம் போகும்.
உரச் சாக்கில் கட்டி
வீட்டுக்குப் பின்னால் அடுக்கியிருக்கிறேன். ஆறு சாக்கு.
மழை பெய்தால் எழுந்து போய்த் தார்ப்பாய் மூடுகிறேன்,
என்னவோ பொருள் மாதிரி.

சாப்பாட்டுக் கடை ஆ ஹுவாட் போன் போட்டான்:
இன்றைக்கு நாற்பது கட்டு.
இல்லை என்றேன்.
விலை ஏற்றுகிறாயா என்றான்.
காரணம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.
சரி, எதிர்க்கரை வார்த்தோவிடம் எடுத்துக்கொள்கிறேன்
என்று வைத்துவிட்டான்.
எதிர்க்கரைக்கும் அதே அல்லூர்தான்.

என் இரத்தத்தையும் எடுத்திருக்கிறார்கள், மகனுடையதையும்.
பதினோரு வருஷம்
விற்காமல் மிஞ்சியதையெல்லாம் நாங்கள்தானே தின்றோம்.

இன்றைக்குச் செவ்வாய்.
வழக்கமான இடத்தில் மேசை போட்டிருக்கிறேன்.
மேசைமேல் கடிதம் மட்டும்,
பறக்காமலிருக்க எடைக்கல் வைத்து.
கோழி பொரிக்கும் கடையைத் தாண்டி
இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு
ரூபாவதி மெதுவாய் வருகிறாள்.
தூரத்திலிருந்தே சிரித்து
நாலு விரல் காட்டுகிறாள்.